சிவப்புப் புள்ளி அக்கா

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அக்கா முதலில் மூலையைத்தான் பார்ப்பாள். வீட்டுக்காரம்மா தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்பார். அக்காவின் கண்ணோ அந்தம்மாவின் தோளுக்குப் பின்னால் இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் இருக்கும். “கோணல்” என்று தமிழில் என்னிடம் முணுமுணுத்துவிட்டு, அந்தம்மாவிடம் மராத்தியில், வீடு ரொம்ப அழகாக இருக்கிறது என்பாள். அவளைப் பொறுத்தவரை இரண்டும் உண்மைதான். மூலையை மூலையாக வைத்த மேஸ்திரி புனேயில் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி, மாடுலர் கிச்சனும் அலமாரியும் செய்கிற ஒரு பட்டறை. அதன் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே ரம்பம் ஓடினால் மேலே என் கம்ப்யூட்டர் மேசை நடுங்கும். கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்து, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பிம்ப்ரியில் டிராயிங் கோர்ஸ் ஒன்று படித்து, இரண்டாயிரத்து மூன்று, நாலு வாக்கில் நான் அங்கே சேர்ந்தேன். வாடிக்கையாளரின் வீட்டைக் கம்ப்யூட்டருக்குள் கட்டுவது என் வேலை. அளவைப் போட்டால் திரையில் சுவர் எழும்பும், ஜன்னல் திறக்கும், இன்னும் வாங்காத சோபா வந்து உட்காரும். வாடிக்கையாளர் தன் வீட்டுக்குள் தானே நடந்துபோவதுபோல் பார்த்துக்கொள்ளலாம். அந்த அளவுகளை வீடு வீடாகப் போய் எடுத்துவருவது அக்காவின் வேலை. கூட நானும் போவேன், எழுதிக்கொள்ள.

என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். குடும்பம் அந்தக் காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி கன்டோன்மென்டுக்கு வந்துவிட்டது. ஆற்காட்டுத் தமிழில் இந்தியும் மராத்தியும் தாராளமாகக் கலந்து பேசுவாள். “இன்னா கண்ணு, அந்த திவாராண்ட ஜரா தள்ளி நில்லு” என்பாள். ‘திவார்’ என்றால் சுவர் என்று எனக்குப் புரிவதற்குள் அவள் அந்தச் சுவரை அளந்து முடித்திருப்பாள். பட்டறைத் தச்சர்கள் அவளை மெஷர்மென்ட் மேடம் என்றார்கள். நான் மனசுக்குள் வைத்திருந்த பெயர் வேறு.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் முதலாளி வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த லேசர் கருவி. அதுவரைக்கும் டேப்தான். ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும். கட்டிலுக்கடியில் தவழ வேண்டும். நடுவில் டேப் தொய்ந்துபோனால் அவளிடம் திட்டும் வாங்க வேண்டும். கருவி வந்ததும் எனக்கு விடுதலை. டிவி ரிமோட்டைவிடக் கொஞ்சம் தடிமன். சுவரில் ஒட்டிவைத்துப் பொத்தானை அழுத்தினால் எதிர்ச் சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி விழும். கருவியின் குட்டி ஜன்னலில் நீளம் தெரியும். முதல் நாள் அக்கா அந்தப் புள்ளியை ஆபீஸ் முழுவதும் ஓடவிட்டாள். அன்று சாயங்காலமே மகனின் பழைய கம்பளி சாக்ஸை வெட்டித் தைத்து அதற்கு ஒரு உறை செய்துவிட்டாள். அப்புறம் அது அவள் கைப்பையைவிட்டு இறங்கவேயில்லை.

முதல் வாரமே அது எங்கள் மானத்தை வாங்கியது. கராடியில் புதிதாக எழும்பிய ஒரு அடுக்குமாடியில், மேல்மாடி வீடு. ஹாலின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அக்கா புள்ளியை அடித்தாள், எண்ணைச் சொன்னாள், நான் எழுதினேன். மறுநாள் திரையில் கட்டினால் ஹால் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் நான் போட்ட சோபா கடுகாகக் கிடந்தது. புள்ளி கண்ணாடியைத் தாண்டிப்போய் எதிர்க் கட்டடத்தின் சுவரில் விழுந்திருக்கிறது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, இது ஹாலா ரயில்வே பிளாட்பாரமா என்று கேட்டார். அக்கா மட்டும் அசரவில்லை. மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நாம்தான் சுவரைக் காட்டவில்லை என்றாள்.

அன்றிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் பிடிக்க ஒரு காலண்டர் அட்டை கூடவே வந்தது. பிம்ப்ரி தமிழ்க் கடையில் கொடுத்த முருகன் அட்டை. அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் என்னை அட்டையைத் திருப்பிப் பிடிக்கச் சொல்வாள். யார் சாமியாக இருந்தாலும் முகத்தில் லைட் அடிக்கக் கூடாதாம். பூஜை அறையை அளக்கும்போது செருப்பை மட்டுமல்ல, கைப்பையையும் வெளியே வைத்துவிட்டுத்தான் போவாள். இதைப் பார்த்த பிறகு எந்த மாமியாரும் அவளுக்கு மசாலா டீ கொடுக்காமல் அனுப்பியதில்லை.

‘சுமார்’ என்ற சொல் அவளுக்கு ஆகாது. எனக்கோ வாழ்க்கையில் முக்கால்வாசி சுமாராகத்தான் ஓடுகிறது. சுமாராக ஒரு கிலோ, சுமாராகப் பத்து நிமிஷம் என்று நான் சொல்லும்போதெல்லாம் பல்வலி வந்தவள் மாதிரி முகத்தைச் சுளிப்பாள். டிபன் கடையில் சொன்ன மிசல் வருவதற்குள் மேசையை அளந்துவிடுவாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது சாலையின் அகலத்தைப் பார்த்துவிடுவாள். எதற்கு என்று கேட்டால் பதில் வராது. தெரிந்துகொண்டதில் முகம் மலர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

கராடியில் இன்னொரு வீட்டில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், சாஃப்ட்வேர்க்காரன், அப்போதுதான் கல்யாணமானவன். கடையில் பார்த்த ராஜா கட்டில் ஒன்று வேண்டும் என்று நின்றான். பெரிய ஆர்டர். எப்படியாவது நுழைத்துவிடு என்று முதலாளி கண்ணாலேயே அக்காவைக் கெஞ்சுகிறார். அக்கா அறையை அளந்தாள், கட்டிலை யோசித்தாள், ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: “போடலாம் தம்பி. ஏறிப் படுக்கறதுக்கு மட்டும் ஜன்னல் வழியா வரணும்.”

புதுப்பெண் சிரித்ததில் கட்டில் சின்னதாயிற்று. முதலாளி இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. அவளுக்கு வருத்தமே இல்லை. கோபித்துக்கொள்வதென்றால் அந்தச் சுவரைக் கோபித்துக்கொள்ளட்டும், அளவு போட்டது அதுதானே என்றாள்.

எங்கள் குடியிருப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்காக வருஷக்கணக்காக முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு டீ குடிக்க வந்த அக்கா, மாடிக்கே வராமல் அங்கேயே நின்றுவிட்டாள். சொசைட்டி வரைபடத்தைக் கேட்டு வாங்கினாள், புள்ளியை அடித்தாள், சாக்பீஸால் கோடு போட்டாள். பார்த்தால் அந்த இடம் இரண்டு பேருக்குமே சொந்தமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழி. அதோடு இருவரும் ஒன்றுசேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். அக்கா நிம்மதியாக டீ குடித்துவிட்டுப் போனாள். இத்தனைக்கும் அவர்களுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த தடவை வந்தபோது நலம் விசாரித்தார்கள்.

இதெல்லாம் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. கூடவே இருக்கிறவர்களுக்கு எப்படி என்பது அவள் வீட்டுக்கு நான் முதல்முறை போனபோது தெரிந்தது.

வீடு தாபோடி ஸ்டேஷன் பக்கம். மாமனார் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக் கட்டியது. தெருவை ஒட்டி நீளவாக்கில் மூன்று அறைகள், ஷஹாபாத் கல் தரை, இரண்டு முனையிலும் ஒவ்வொரு வாசல். அக்கா, அவள் புருஷன், மகன் ஒரு பக்கம். கொழுந்தன், அவன் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் இன்னொரு பக்கம். நடுவிலே ஹால் பொது. சமையல் ஒன்றாகத்தான், ஹாலில் அக்கா பக்கம் ஒதுக்கியிருந்த சமையலறையில். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் இடம் குறித்திருந்தது. அரிசி டிரம்மைச் சுற்றி சாக்பீஸ் வட்டம்கூட இருந்தது. எவ்வளவு ஒழுங்கு என்று நான் வாயைப் பிளந்தேன். எனக்குக் காபி கொண்டுவந்த ஓரகத்தி, அக்காவைவிடச் சின்னவள், காதோரம் சொன்னாள், மூச்சு விடத்தான் இந்த வீட்டில் இன்னும் கோடு போடவில்லை என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை.

அந்த ஓரகத்தி பிளவுஸ் தைக்கிறவள். அவளுடைய தையல் மெஷின் ஜன்னலுக்கு நேராக, நடைவழியில் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். ஒருமுறை அவள் வாணியம்பாடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்கா வழியை அளந்து பார்த்து, மெஷினை எதிர்ச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டாள். வழி தாராளமாகிவிட்டது. திரும்பி வந்தவள் தைக்க உட்கார்ந்தாள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. துணிமேல் அவள் நிழலே விழுந்தது. இரண்டு நாள் கழித்துப் புருஷனையும் அவன் அண்ணனையும் உட்காரவைத்து, எல்லோர் முன்னாலும் சொன்னாளாம்:

“எனக்குன்னு ஒரு செவுரு வேணும். அதுக்கு இந்தாண்ட என் சாமான் எப்படி வேணா கோணலா நிக்கும். யாரும் கேக்கக் கூடாது.”

அக்கா இதை ஆபீஸில் வந்து சொன்னபோது அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பதினைந்து வருஷம் ஒரே அடுப்பில் ஆக்கியவர்கள். நல்லதுக்குத்தானே நகர்த்தினேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நகர்த்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா என்றேன். அது அவளுக்குத் தோன்றவேயில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. மெஷினைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். சுவர்ப் பேச்சு நின்றபாடில்லை.

சரியாகப் பாதி என்று முடிவாயிற்று. யார் அளப்பது? கையில் கருவி வைத்திருப்பவள்தான். ஓரகத்திக்கு அதுவே உறுத்தல். மூன்று அறைகளின் கதவுகளும் ஒரே நேரில் இருந்ததால், இந்த முனையிலிருந்து அடித்தால் அந்த முனைச் சுவரில் புள்ளி விழும். அக்கா வீட்டின் முழு நீளத்தை அளந்தாள், பாதியாக்கினாள். அதற்குள் கொழுந்தன், அண்ணி ஒரு நிமிஷம் கொடுங்க என்று கருவியை வாங்கிக்கொண்டான். கண்டபடி பொத்தான்களை அமுக்கினான். ஃபேனில் புள்ளி அடித்தான். அண்ணன் வழுக்கையில் அடித்தான். எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். அக்கா கருவியைத் திரும்ப வாங்கித் தன் பக்கச் சுவரில் ஒட்டிவைத்தாள். ஹாலில் மகன் அட்டையைப் பிடித்து நகர்த்த, பாதி அளவு வந்த இடத்தில் தரையில் கோடு போட்டார்கள். எதிர்ப் பக்கமிருந்தும் ஒருதரம் அளந்து காட்டுகிறேன் என்றாள் அக்கா. வேண்டாம், உன் மெஷின் உனக்குத்தான் பேசும் என்று சொல்லிவிட்டு ஓரகத்தி உள்ளே போய்விட்டாள்.

மேஸ்திரி வந்தார், கயிறு கட்டினார். செங்கல் இறங்கியது.

அந்த வாரம் அக்கா இரண்டு பக்கத்து அளவுகளையும் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். சுவர் வந்துவிட்டால் அந்தப் பக்கத்துக்குச் சமையலறை கிடையாது. அவளுக்கு நல்லதாக ஒரு கிச்சன் போட்டுக் கொடு கண்ணு, குக்கர் வைக்கிற இடத்திலிருந்து எல்லாம் அவள் கைக்கு எட்டணும், என் உசரத்துக்குப் போட்டுடாதே, அவள் குட்டை என்றாள். நான் திரையில் வீட்டைக் கட்டினேன். சுவர்கள் எழும்பின. அக்காவின் பாதி கொஞ்சம் நீண்டும், ஓரகத்தியின் பாதி கொஞ்சம் குறைந்தும் நின்றன. நான்தான் ஏதோ தப்பாகப் போட்டுவிட்டேன் என்று அழித்துவிட்டுத் திரும்பக் கட்டினேன். அப்படியேதான் வந்தது.

அந்தக் கருவியில் ஒரு சங்கதி உண்டு. தன் முதுகிலிருந்து கணக்குப் பண்ணவும் அதற்குத் தெரியும், மூக்கிலிருந்து கணக்குப் பண்ணவும் தெரியும். அதற்கென்று ஒரு பொத்தான். முதுகைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு மூக்கிலிருந்து அளந்தால், கருவியின் நீளம் கணக்கில் வராது. கோடு அந்த அளவுக்குத் தள்ளிப்போய் விழும். அணைத்துத் திரும்பப் போட்டால் தானே முதுகுக்கு வந்துவிடும். அதனால் பிறகு துண்டு துண்டாக எடுத்த அளவுகளெல்லாம் சரியாக இருந்தன. கோடு ஒன்றுதான் தப்பு. கொழுந்தன் விளையாட்டாக அமுக்கியதில் ஓரகத்தியின் வீட்டிலிருந்து ஒரு சாண் அளவு அக்காவின் பக்கம் வந்துவிட்டது.

கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். பார்த்தவுடனே புரிந்துகொண்டாள். ஒரு சாண்தானே அக்கா, மேஸ்திரி நாலைந்து வரிசை கட்டிவிட்டார் என்கிறீர்கள், இப்போது போய்ச் சொன்னால் வேண்டுமென்றே செய்தீர்கள் என்றுதான் பேச்சு வரும், விட்டுவிடுங்கள் என்றேன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அக்கா திரையில் நான் வரைந்திருந்த சமையல் மேடையின் அடியைத் தொட்டுக் காட்டினாள்.

“அந்த ஒரு சாண் இல்லன்னா அவ சிலிண்டர் எங்க நிக்கும் கண்ணு?”

உடனே கிளம்பினாள். ஸ்கூட்டியில் பின்னால் நானும் ஏறிக்கொண்டேன், எனக்கே ஏனென்று தெரியாமல். தாபோடியில் இறங்கினால் ஹாலில் முழங்கால் உயரத்துக்குச் சுவர். அந்தப் பக்கம் ஓரகத்தி கொத்துமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். அக்கா சுவருக்கு இந்தப் பக்கமே நின்று, மேஸ்திரியிடம் மராத்தியில், பிறகு எல்லோருக்குமாகத் தமிழில் சொன்னாள். கோடு தப்பு. என் பக்கம் ஜாஸ்தி வந்திருக்கிறது. பிரித்துவிட்டுச் சரியான இடத்தில் கட்டுங்கள். பொத்தானை அமுக்கியது யார் என்று அவள் சொல்லவில்லை. கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு சாணுக்காகவா இவ்வளவு என்று அக்காவின் புருஷன் இழுத்தார். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஓரகத்தி கொத்துமல்லியைக் கீழே வைத்தாள்.

“நான் எதிர் வூட்ல, தண்ணி புடிக்கற எடத்துல, சர்ச்சுல, அல்லாண்டயும் சொல்லிக்கினு திரிஞ்சேன்க்கா. மெஷின வெச்சிக்கினு நீ ஜாஸ்தி அளந்துக்கினன்னு.”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்தது சரியா தப்பா என்பது ஒன்றுதான்.

“சரியாத்தான் சொல்லிக்கிற” என்றாள்.

முதலில் சிரித்தது கொழுந்தன்தான். தமிழ் தெரியாத மேஸ்திரியும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார். ஓரகத்தி சிரிக்கவில்லை. எழுந்துவந்து அந்தக் குட்டைச் சுவரின் மேல் உட்கார்ந்தாள். பிறகு மேஸ்திரியிடம், சரியான கோட்டிலேயே கட்டுங்கள், ஆனால் நடுவில் ஒரு கதவு வையுங்கள் என்றாள்.

எந்த இடத்தில் என்று கேட்டுக்கொண்டே அக்காவின் கை தன்னால் கைப்பைக்குள் போயிற்று.

“அத்த எடுக்காத” என்றாள் ஓரகத்தி. சாக்பீஸை எடுத்து, சுவர் வரப்போகிற இடத்தில் தரையில் தன் மனம்போல இரண்டு கோடு கிழித்தாள். “இங்க.”

அக்கா பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த இடத்தில் கதவு வந்தால் இந்தப் பக்கம் நேராக அக்காவின் ஃப்ரிட்ஜில் போய் முட்டும். ஒரு விரற்கடை தள்ளினால்கூடப் போதும். அக்காவின் வாய் திறந்தது. எனக்கு உயிரே போய்விட்டது, தொலைந்தோம், இன்னொரு சண்டை என்று. அப்புறம் வாய் மூடிக்கொண்டது. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மேஸ்திரியிடம், அவள் சொல்கிற இடத்திலேயே வையுங்கள் என்றாள்.

கிச்சன் நன்றாக வந்தது. சிலிண்டர் அதன் இடத்தில் நின்றது. முதலாளி கதவுக்கு மெல்லிய மர வெனீர் ஒட்டிக் கொடுத்தார். மழைக்காலம் முடிந்து நான் மறுபடி தாபோடிக்குப் போயிருந்தேன். அக்கா சமைத்துக்கொண்டிருந்தாள். நான் ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். கதவு இடித்து இடித்து அதன் ஓரம் நசுங்கியிருந்தது. இதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிடலாமே அக்கா, இவ்வளவு இடம் இருக்கிறதே என்று கேட்டேன். அளந்து பார்க்காமலே என் கண்ணுக்குத் தெரிகிற இடம் அவள் கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்?

“நகத்துனா, நீ தப்பா வெச்சன்னு அவகிட்ட சொன்ன மாதிரி ஆயிடும் கண்ணு” என்றாள். “இருக்கட்டும்.”

அப்போது அந்தப் பக்கம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே ஒரு கையை நீட்டி ஃப்ரிட்ஜ் மேலிருந்த ஊறுகாய் ஜாடியைப் பிடித்துக்கொண்டாள். கதவு டமால் என்று வந்து மோதியது. ஓரகத்தி கருவாட்டுக் குழம்புக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு கையைக் கிண்ணத்துக்கு நீட்டினாள்.